மலிவு விலையில் வந்த ஒற்றன்

பக்கத்துக் கடையைவிடப் பத்துத் தாலர் குறைவென்றால் போதும். மாந்தனின் கண் மூடிக்கொள்கிறது, கை நீள்கிறது. குறைத்தவன் ஏன் குறைத்தான் என்னும் வினா அவன் நெஞ்சில் எழுவதே இல்லை. வணிகன் என்ன, அறச்சாலையா நடத்துகிறான்?

அமெரிக்க நாட்டில் மலிவுக்குப் பெயர்பெற்ற தொலைக்காட்சி நிறுவனம் விசியோ. பெரிய திரை, சிறிய விலை என்று மகிழ்ந்து மக்கள் அதனை வாங்கிக் கூடத்தில் மாட்டினர். 2014ஆம் ஆண்டு முதல் அத்திரையே தன்னைப் பார்ப்போரை வேவு பார்க்கத் தொடங்கிற்று! திரையில் தோன்றும் ஒளிப்புள்ளிகளுள் சிலவற்றை நொடிக்கு நொடி எடுத்து, இணையவழி அனுப்பி, அங்குள்ள படத்தொகுப்போடு ஒப்பிட்டு, இவ்வீட்டார் இந்நேரத்தில் இன்னதைப் பார்த்தனர் என்று கணக்கெடுத்தனர். வட்டில் போட்டுப் பார்த்தாலும் தப்பவில்லை. முன்னரே விற்றுவிட்ட பழைய கருவிகளுக்குள்ளும் தொலைவிலிருந்தே இவ்வொற்று மென்பொருளை ஏற்றினர். வீட்டை விற்றவனே இரவில் சுவரேறி அவ்வீட்டுக்குள் குதிப்பதற்கு ஒப்பான கயமை இது.

திரட்டியதை விற்றனர். அதனை அவ்வீட்டாரின் அகவை, பால், வருவாய், மணமானவரா, உரிமை வீட்டினரா என்பனவற்றோடு பொருத்திக்கொள்ளவும் வழி செய்தனர். இத்தனைக்கும் கருவியின் அமைப்புப் பட்டியலில் கண்ட விளக்கம் யாது? நிகழ்ச்சிகளைப் பரிந்துரைக்கும் ஏந்து என்பதுதான்! உளவுக்குப் பரிந்துரை என்று பெயர் சூட்டிய நயத்தை என்னென்பது!

2017இல் கூட்டரசு வணிக ஆணையமும் நியூ செர்சி மாநில அரசும் தொடுத்த வழக்கில், 22 இலக்கம் தாலர் கட்ட விசியோ இணங்கியது. வேவு பார்த்த கருவிகளோ 1 கோடியே 10 இலக்கம். வகுத்தால், ஒரு கருவிக்கு 20 அமெரிக்கக் காசு! இனி இசைவு பெற்றே திரட்ட வேண்டும் எனவும் ஆணை பிறந்தது. புதுக் கருவியை மாட்டி உடனே படம் பார்க்கத் துடிப்பவன் எதைப் படித்து இசையப் போகிறான்?

2019இல் அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் பில் பாக்சுடர் ஒளிவின்றியே கூறினார்: இத்தொழிலில் ஊதியம் நூற்றுக்கு ஆறே, விற்ற பின்னரும் அக்கருவிவழிப் பொருளீட்டாவிடில் விலையை உயர்த்த நேரும் என்று. விலை மிகுந்த கருவிகளும் இவ்விழிவினின்று முற்றும் விலகியவை அல்ல. ஆயினும் மலிவு விற்பவனுக்கு இது பக்க வருவாயன்று, உயிர்மூச்சு. 2021ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில், விளம்பரம் முதலியவற்றால் விசியோ பெற்ற மொத்த ஊதியம், கருவி விற்றுப் பெற்றதைப்போல் இருமடங்கிற்கும் மேல். ஆயின், அக்கடையில் உண்மையில் விலைபோனது எது? தூண்டிற்காரன் புழுவுக்கு விலை கேட்பானா?

2024 திசம்பரில் வால்மார்ட்டு நிறுவனம் ஏறத்தாழ 230 கோடி தாலருக்கு விசியோவையே வாங்கிக்கொண்டது. வீட்டார் கூடையில் என்னென்ன எடுத்துச் செல்கின்றனர் என்பதை அறிந்த கடை அது. மாலையில் அவர்தம் கூடத்தில் என்ன ஓடுகிறது என்பதை அறியவும் அதற்கு இப்போது வழி திறந்துவிட்டது.