வற்றிய ஊற்றும் வற்றாத கதையும்

வேல்ஸ் நாட்டின் வடபுறத்தே ஹோலிவெல் என்றோர் ஊர். பெயரின் பொருளே புனிதக் கிணறு! ஊர்க்காவல் புரிபவர் புனித வினிபிரெட் அம்மை. ஏழாம் நூற்றாண்டின் கன்னியாம். கரடோக் என்னும் கோமகன் காமவெறி கொண்டு துரத்தினான், கன்னி மறுத்தாள், வாளை வீசினான். தலை உருண்ட இடத்திலே ஊற்று பீறிட்டதாம்! தாய்மாமன் பியூனோ, அவரும் புனிதர்தான், தலையை எடுத்து உடலோடு பொருத்த, நங்கை எழுந்து நடந்தாளாம்! பூமி பிளந்து கொலைகாரனை விழுங்கிற்றாம்!

மறுத்துரைத்த பெண்ணின் துணிவைப் போற்றட்டும். அதற்கு நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் இந்தக் கதையை விரித்து எழுதி வைத்தது எப்போது? பன்னிரண்டாம் நூற்றாண்டில்! ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் உருண்ட தலையைக் கண்டு வந்து சொன்ன சாட்சி எவர், தோழர்களே?

ஊற்றின் கற்களிலே செந்நிறத் திட்டுகள். கன்னியின் குருதி என்று கைகூப்பினர் மக்கள். பாசியப்பா அது என்றார் தாமஸ் பென்னன்ட், அந்த வட்டாரத்திலேயே பிறந்த இயற்கை ஆய்வாளர், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே.

1686இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் ஆண்மகவு வேண்டி வந்து வணங்கினார். 1688 ஜூனில் மகன் பிறந்தான். அற்புதம் என்பர் அடியார். பொறுங்கள்! கத்தோலிக்க வாரிசு வந்துவிட்டதே என்று பெருமக்கள் கொதித்தெழ, அவ்வாண்டு டிசம்பரிலேயே முடியிழந்து பிரான்சுக்கு ஓடினார் மன்னர். தொட்டிலைத் தந்த தூயவர் அரியணையைப் பறிப்பானேன்? வரமா இது, வம்பா?

இனி 1917க்கு வருவோம். அந்த மலைப்பகுதியிலே ஈயச் சுரங்கங்கள். சுரங்கத்தில் தேங்கும் நீரை வெளியேற்றக் கடல் மட்டத்தையொட்டி நெடிய வடிகால் ஒன்றைக் குடைந்து சென்றனர் தொழிலாளர். அவ்வாண்டு ஜனவரியில், சுண்ணாம்புப் பாறைக்குள் ஓடிய நீர்வழியை அந்த வடிகால் வெட்டிற்று. ஊற்று வறண்டது! மன்னரையே மண்டியிட வைத்த ஊற்று, சுரங்கத் தொழிலாளியின் உளிக்கு முன் ஓடி ஒளிந்தது! பூமி பிளந்து சுரங்க முதலாளியை விழுங்கிற்றா? இல்லை. அறுந்த நீர்வழியை ஒட்ட பியூனோ வந்தாரா? அவரும் இல்லை. மாதங்கள் சில கழிந்தபின், வேறொரு நிலத்தடி நீரைத் திருப்பிக்கொண்டு வந்து தொட்டியை நிரப்பினர் மனிதர். தலை உருண்ட இடத்து நீர் சுரங்க வடிகாலில் போகிறது. பக்தர்கள் இன்று மூழ்கி எழுவது மாற்று நீரில்! கதை மட்டும் ஒரு சொட்டும் குறையவில்லை.

நோய் தீர்ந்தோர் விட்டுச் சென்ற ஊன்றுகோல்கள் இதோ என்று காட்டுகிறார்கள். மூழ்கியும் கால் ஊன்ற மாட்டாமல், வந்த கோலோடே திரும்பிச் சென்றவர் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எந்தச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள்?