யாரால்?

ஆங்கிலத் தேர்வில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கும் 'வாய்ஸ்' கேள்வி வந்தால் நம் பிள்ளைகள் தயங்குவதில்லை. செயப்படுபொருளை முன்னால் கொண்டுவா, துணைவினையைக் காலத்துக்கு ஏற்பப் போடு, வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர், 'பை' போட்டு எழுவாயைக் கடைசியில் வை. வாய்பாடு தெரிந்தால் மதிப்பெண் நிச்சயம். ஒரே செய்தியைச் சொல்ல இரண்டு வாக்கியம் எதற்கு என்பதுதான் பாடத்தில் விட்டுப்போகிறது.

காரணம் ஆங்கிலத்தின் அமைப்பில் இருக்கிறது. 'நாய் முயலைக் கடித்தது' என்றாலும் 'முயலை நாய் கடித்தது' என்றாலும் கடித்தது யார் என்பதில் நமக்குக் குழப்பம் வராது. 'ஐ' உருபு காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஓர் உருபு இல்லை. நிற்கும் இடம்தான் அதற்கு வேற்றுமை. முயலை முன்னால் நிறுத்த வேண்டுமென்றால் வினையையே மாற்றியாக வேண்டும்.

தமிழின் இந்த வசதிக்கு நம் தருமபுரிப் பகுதியை ஆண்ட அதியமான் மரபிலேயே சான்று உண்டு. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் 1981இல் கண்டறிந்த தமிழிக் கல்வெட்டு, நெடுமான் அஞ்சி 'ஈத்த பாளி' (கொடுத்த உறைவிடம்) என்கிறது. பாளியை முன்னிறுத்த 'ஈத்த' என்ற செய்வினை எச்சமே தமிழுக்குப் போதும். ஆங்கிலத்தில் இதைச் சொல்லப் போனால் செயப்பாட்டுவினையும் 'பை'யும் வந்து நிற்கக்கூடும்.

அந்த 'பை'யை விட்டுவிடவும் இலக்கணம் அனுமதிக்கிறது. செய்தவர் தெரியாதபோதும், தெரிய வேண்டிய தேவை இல்லாதபோதும் அது நல்ல வசதி. ஆய்வுக்கூடக் குறிப்பில் கரைசலைச் சூடாக்கியவர் பெயர் யாருக்கும் வேண்டாம். செய்தவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அதே வசதி அவருக்குத் தப்பும் வழியாகிறது.

நம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். '1992 ஜூன் 20இல் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர்.' இலக்கணப் பிழை எதுவும் இல்லை. செய்தவர்கள் யார் என்பதும் இல்லை. அவர்களை எழுவாய் இடத்தில் நிறுத்த அந்த மலைவாழ் மக்கள் 19 ஆண்டுகள் போராடினார்கள். வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த்துறையினர் 5 பேர் அங்கு நடந்த பல்வேறு கொடுமைகளுக்காகக் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த அத்தனை பேரும் அந்த 215க்குள் அடக்கம். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

'நடவடிக்கை எடுக்கப்படும்', 'தவறு நேர்ந்துவிட்டது' என்ற அறிவிப்புகளைப் படித்தே நம் பிள்ளைகள் வளரப் போகிறார்கள். அமெரிக்க அதிபர் ரீகனும் 1987இல் ஈரான் ஆயுத விவகாரம் பற்றிப் பேசியபோது, தவறுகள் செய்யப்பட்டன என்றுதான் சொன்னார். செய்தவர் யார் என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்பாட்டை நடத்துங்கள், தேர்வுக்கு அது வேண்டும். கூடவே அன்றைய செய்தித்தாளை வகுப்பில் விரித்து, செயப்பாட்டுவினை வரும் வாக்கியங்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 'யாரால்' என்று கேட்க வையுங்கள். அந்த விடை வாசகருக்குத் தேவையா, தேவையென்றால் ஏன் எழுதவில்லை என்று பிள்ளைகளே விவாதிக்கட்டும். கேட்கப் பழகிய பிள்ளை பஞ்சாயத்து அறிவிப்பிலும் நீதிமன்ற ஆணையிலும் அதே கேள்வியைக் கேட்கும். இலக்கணம் கற்பதன் பயன் அதுதான்.