சைலன்சரைக் கழற்றினால் சக்தி கூடுமா?
புல்லட்டின் சைலன்சரைக் கழற்றி வெற்றுக் குழாய் மாட்டியவர் 'பிக்கப் எகிறுது' என்கிறார். அதே பட்டறையில் இன்னொருவர் 'பேக் பிரஷர் இல்லேன்னா வண்டி இழுக்காது' என்கிறார். இருவர் சொல்வதும் அரைகுறை. எரிந்த புகையை வெளியேற்ற பிஸ்டன் படும் பாடு முழுக்க நஷ்டக் கணக்குதான். எந்த ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கும் பேக் பிரஷர் என்னும் எதிரழுத்தம் தேவையில்லை. பிறகு ஏன் அகலக் குழாய் மாட்டியதும் சிக்னலில் வண்டி மந்தமாகிறது? எக்ஸாஸ்ட் வால்வு மூடும் முன்பே இன்டேக் வால்வு திறந்துவிடும். அந்த நொடித்துளியில், வேகமாக ஓடும் புகைதான் புதுக் காற்றை உள்ளே இழுக்கிறது. குழாய் அளவுக்கு மீறி அகன்றால் புகையின் வேகம் தளரும், இழுப்பும் போச்சு. கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றாமல் விட்டால் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும்.

டூ ஸ்ட்ரோக் கதையே வேறு. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடென் 1950களில் செப்பனிட்ட வயிறு பெருத்த குழாய், தப்பி ஓடும் புதுக் கலவையை அழுத்த அலையால் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளியது. 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. அங்கே குழாயின் நீளமும் இன்ஜினின் ஒரு பாகம். நம் தெருவில் அளவெடுக்காமல் வெட்டி ஒட்டப்படும் குழாய்களில் நிச்சயமாகக் கூடுவது டெசிபல் மட்டுமே. அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.