கோணல் கோட்டிலும் ஒரு கதை உண்டு



உங்கள் பிள்ளை கையில் வைத்திருக்கும் கதைப் புத்தகத்தை எழுதியவர் யார், அதில் படம் போட்டவர் யார் என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதில் தெரியாது. புத்தகம் என்பது எங்கோ பட்டணத்தில் அச்சாகிப் பெட்டியில் வந்து இறங்கும் பொருள், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒரு மனிதர் உண்டு, அவருடைய கையும் ஒரு காலத்தில் கோணல்மாணலாகக் கோடு போட்ட கைதான் என்பதை அவர்கள் அறிய மாட்டார்கள். அதனால்தான் "எனக்கு வரைய வராது, டீச்சர்" என்று எட்டு வயதிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இந்தக் குறையைப் போக்க மேல்நாடுகளில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. கதையும் எழுதிப் படமும் வரைகிற ஆசிரியர்களே தொடக்கப்பள்ளிகளுக்கு நேரில் போகிறார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் கதை சொல்லி, அவர்கள் பார்க்கும்போதே படத்தை வரைகிறார்கள். பிறகு பென்சிலைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிரிட்டனில் இதற்கு அரசவைக் கவிஞர் பதவி போன்ற ஒரு சிறப்புப் பொறுப்பே உண்டு. 'சில்ட்ரன்ஸ் லோரியட்' என்று அதற்குப் பெயர். 1999-இல் தொடங்கிய இந்தப் பொறுப்பை முதலில் ஏற்றவர் குவென்டின் பிளேக் என்ற ஓவியர். 2009 முதல் 2011 வரை அதில் இருந்தவர் ஆன்டனி பிரவுன். இந்த இதழில் அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பிரவுன் 1946-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தார். பெற்றோர் மதுக்கடை நடத்தி வந்தார்கள். அவருடைய தந்தை கட்டுமஸ்தானவர், குத்துச்சண்டை பழகியவர். அப்படிப்பட்டவர் மகன்களோடு உட்கார்ந்து படம் வரைவாராம்! பிரவுனுக்கு 17 வயதானபோது தந்தை திடீரென்று காலமானார். கலைக் கல்லூரிப் படிப்பை முடித்த மகனுக்கு உடனே புத்தகம் போடும் வாய்ப்பு வந்துவிடவில்லை. மான்செஸ்டர் நகர மருத்துவமனையில், அறுவை சிகிச்சைகளைப் படமாக வரைந்து காட்டும் வேலை பார்த்தார். வாழ்த்து அட்டைகளுக்குப் படம் போட்டார். அவருடைய முதல் புத்தகம் 1976-இல்தான் வெளிவந்தது. 2000-ஆம் ஆண்டில், சிறுவர் இலக்கியத்துக்கு உலக அளவில் வழங்கப்படும் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது அவருக்குக் கிடைத்தது.

இத்தனை பெரிய மனிதர் பிள்ளைகளிடம் போய் என்ன செய்கிறார் தெரியுமா? விளையாடுகிறார்! சிறு வயதில் அண்ணனும் தம்பியுமாக வீட்டில் விளையாடிய விளையாட்டுத்தான் அது. ஒருவர் தாளில் ஏதாவது ஓர் உருவத்தை வரைய வேண்டும். அது எதைப் போலவும் இருக்கக் கூடாது. ஒரு வளைவு, ஒரு நெளிவு, அவ்வளவே போதும். அடுத்தவர் அதன்மேல் கோடுகளைச் சேர்த்து, அதை ஏதாவது ஒன்றாக மாற்ற வேண்டும். நெளிவு பாம்பாகலாம், யானைத் துதிக்கையாகலாம், பாட்டியின் மூக்காகவும் ஆகலாம். இதில் தோற்றவர் என்று யாரும் இல்லை. பெரியவர்களைவிடப் பிள்ளைகளே இதில் கெட்டிக்காரர்கள் என்பது பிரவுனின் அனுபவம். நாம் படைக்கிற எதுவும், கதையோ படமோ, இந்த விளையாட்டின் இன்னொரு வடிவமே என்றும் அவர் கருதுகிறார்.

வெறும் விளையாட்டுத்தானே என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைத் தாளைக் கண்டால் பிள்ளைக்குப் பயம். எங்கே தொடங்குவது, தப்பாகிவிடுமோ என்ற தயக்கம். தாளில் ஏற்கெனவே ஒரு கோடு இருந்துவிட்டால் அந்தப் பயம் போய்விடுகிறது. "இது என்ன?" என்று கேட்டவுடன் வாய் திறக்கிறது. வாய் திறந்த இடத்தில் மொழி வருகிறது.

இதை என் வகுப்பிலேயே கண்டேன். இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பாடநூலை வாசிக்கச் சொன்னால் உதடு மட்டும் அசையும். ஒரு வெள்ளிக்கிழமை இந்த விளையாட்டை வைத்தேன். பக்கத்துப் பிள்ளை போட்ட வளைந்த கோட்டுக்கு அவள் இரண்டு சக்கரங்களைப் போட்டாள். பின்னால் ஒரு பெட்டி, அதற்குள் கறுப்புக் கறுப்பாக உருண்டைகள். "என்னம்மா இது?" என்றேன். "எங்கப்பா குலை ஏத்துற டிராக்டர், டீச்சர்" என்றாள். "அப்புறம்?" "மழை பேஞ்சிச்சு. டிராக்டர் சேத்துல மாட்டிக்கிச்சு. அப்பா வர நேரமாச்சு. அம்மா வாசல்லயே நின்னாங்க."

அவள் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். அன்றைய வாசிப்புப் பாடம் அதுவேதான். தான் சொன்ன வாக்கியங்களைத் தானே விரல் வைத்து வாசித்தாள். குரல் வகுப்பின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"படம் போட்டுக்கொண்டிருந்தால் பரீட்சையில் மார்க் வருமா?" என்று சிலர் கேட்பீர்கள். வெளிக்காட்டில் வெயிலிலும் மழையிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால், யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது வகுப்பறையிலேயே பிள்ளையின் பேச்சையும் வாசிப்பையும் எழுத்தையும் ஆசிரியர் கவனித்து மதிப்பிடுகிறார். வாய் திறந்து நாலு வாக்கியம் சொல்லத் தெரிந்த பிள்ளை பின்தங்காது.

தாளையும் பென்சிலையும் நம்பி முன்னுக்கு வந்தவர் நம் நாட்டிலும் இருக்கிறார். கேலிச்சித்திரக்காரர் லாட், 1951-இல் பேராக் மாநிலத்தின் கோப்பெங் பகுதிக் கம்பத்தில் பிறந்தவர். 13 வயதில், 1964-இல், தன்னுடைய முதல் சித்திரக்கதையை வெளியிட்டார். அனுப்பியவர் சிறுவன் என்று அறியாமலே பதிப்பாளர் அதை ஏற்று 25 வெள்ளி கொடுத்தாராம்! ஈயக் கப்பல்கள் ஓடிய அந்தக் கம்பத்து வாழ்க்கையைத்தான் 1979-இல் 'கம்போங் பாய்' என்ற புத்தகமாக்கினார். அது பல மொழிகளுக்குப் போயிற்று. தன் வீட்டு வாசலையே வரைந்தவர் உலகத்துக்குத் தெரிந்தவரானார். நம் லயத்து வாசலும் வரைவதற்கு உரியதுதானே?

எல்லாத் தோட்டப் பள்ளிக்கும் ஓர் ஓவியர் வருவது நடக்கிற காரியமல்ல. வரும் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ஒரு முறையும், குறுக்குவாக்கில் இரண்டு முறையும் மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். மறுபடியும் குறுக்கே ஒரே முறை பாதியாக மடியுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்ட நீளம் மட்டும் கத்தரியுங்கள். பிரித்துப் பார்த்தால் நடுவே ஒரு வாய் திறந்திருக்கும். அச்சான பக்கம் உள்ளே போகும்படி நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். அட்டையில் பிள்ளையின் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதியவர் யார், படம் போட்டவர் யார் என்ற கேள்விக்கு அந்தப் புத்தகத்தில் பதில் இருக்கும்.

பிள்ளை வரையும்போது மூன்றை மறவாதீர்கள். அழிரப்பரை எடுத்து வைத்துவிடுங்கள். "இது மாடு மாதிரியா இருக்கு?" என்று சிரிக்காதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

பிரவுன் 1983-இல் எழுதிய 'கொரில்லா' என்ற கதையில் ஒரு சிறுமி வருகிறாள். அப்பாவுக்கு எப்போதும் வேலை. அவளோடு பேச நேரமே இல்லை. ஒரு கொரில்லா வந்து அப்பாவின் தொப்பியையும் கோட்டையும் மாட்டிக்கொண்டு, அவளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போகிறது! படிக்கும்போது சிரிப்பு வரும். பிறகு மனம் கனக்கும். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, கைப்பேசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பத்தே நிமிடம் போதும். ஒரு கோணல் கோட்டை நீங்கள் போடுங்கள். மீதியை உங்கள் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.