ஓரடி ஏறினால் வேறு காடு

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் தென்முனையைப் போர்த்தியிருக்கும் எவர்கிளேட்ஸ் ஈரநிலத்தில் மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. அங்குள்ள தேசியப் பூங்காவில் இயற்கையான மேடு எதுவும் கடல்மட்டத்துக்கு மேல் 8 அடியைத் தாண்டாது. ஓக்கிச்சோபி ஏரிக்குத் தெற்கே மைலுக்கு ஏறத்தாழ 2 அங்குலம்தான் நிலம் சரிகிறது. மே முதல் அக்டோபர் வரை கொட்டும் மழைநீர் அந்தச் சரிவில் பரந்து, நகர்வது தெரியாமல் கடலுக்கு நகர்கிறது. ‘புல் ஆறு’ என்று மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் 1947இல் தம் நூலுக்குத் தலைப்பிட்டது இதைக் கண்டுதான்.

அந்தப் புல் உண்மையில் ஒரு கோரை. இலை விளிம்பில் ரம்பப் பற்கள், கைபட்டால் கிழிக்கும். தாழ்ந்த பரப்பெல்லாம் அதற்கே. பாறைக் குழிகளில் சைப்ரஸ் மரங்கள் நடுவில் நெடிதாகவும் ஓரத்தில் குட்டையாகவும் வளர்வதால், தூரத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்த கூடை. சுண்ணாம்புப் பாறை ஓரிரு அடி உயர்ந்த திட்டிலோ மகாகனி, ஓக், அத்தி என அடர்ந்த சோலை. அதன் ஈர நிழலுக்குள் தீ எளிதில் நுழையாது.

பைன் காட்டின் கதை நேர் எதிர். அதற்குத் தீ வேண்டும். தடித்த பட்டை பைனைக் காக்க, அடியில் முளைக்கும் அகன்ற இலை மரங்கள் கருகிவிடும். இருபது முப்பது ஆண்டு தீயே படாவிட்டால் அந்த மரங்கள் ஓங்கி, பைன் கன்றுகளுக்கு வெயில் இல்லாமல் செய்துவிடும். இது புரிந்து, 1958இல் இப்பூங்காவில் திட்டமிட்டே தீ வைத்தார்கள்; அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அதுவே முதல்முறை. தீயை அணைப்பதே காட்டைக் காப்பது என்று நம்பிய காலத்தில் அது துணிச்சலான முடிவு.

உப்புநீர் எட்டும் கரையில் அலையாத்திகள். பிச்சாவரத்துச் சுரபுன்னைக்கும் வெண்கண்டலுக்கும் நெருங்கிய உறவுகள் இங்கும் உண்டு: முன்னே தாங்குவேர் ஊன்றியது ஒன்று, பின்னே மூச்சுவேர் நீட்டியது மற்றொன்று.

இத்தனையும் தண்ணீரின் அளவையும் தூய்மையையும் நம்பி நிற்பவை. வயல்களிலிருந்து வடியும் பாஸ்பரஸ் சேர்ந்த இடங்களில் கோரை பின்வாங்க, சம்பு மண்டியது. 1928இல் திறந்த டாமியாமி நெடுஞ்சாலை நீரோட்டத்துக்குக் குறுக்கே அணையாக நின்றது. 2013இல் அதில் ஒரு மைல் நீளத்தைப் பாலமாக்கித் தண்ணீருக்கு வழிவிட்டார்கள்.