காய் விழும்வரை அசையாதீர்

டிசம்பர் விடுமுறைக்கு முந்திய வாரத்தில் ஒரு நாள் மாலை, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியர் அறையின் வாசலில் வந்து நின்றான்.

"சேர், பொங்கலுக்கு எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் கரம் போட்டி வைக்கிறார்கள். போன வருடம் இறுதி ஆட்டத்தில் தோற்றேன். இந்த முறையும் தோற்றால் இனிப் பலகையையே தொடமாட்டேன். என் ஆட்டம் திருந்த ஒரே ஒரு வழி மட்டும் சொல்லுங்கள். பல வழி சொன்னால் மறந்துவிடும்" என்றான்.

எனக்கு முதலில் நகைப்பே உண்டாயிற்று. ஆயினும் அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. சென்ற பொங்கலன்று சிவப்புக் காயை வீழ்த்திவிட்டு, அதனைத் தொடர்ந்து வீழ்த்த வேண்டிய தன் காயைக் குழியின் விளிம்பிலே தவறவிட்டவன் அவன். அந்த ஒரு தவறைச் சொல்லி லயத்துப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் அவனைக் கேலி செய்திருக்கிறார்கள். ஆதலால் அவனைப் பலகையின் முன் அமர்த்தி, பத்துக் காய்களை அடிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறி பார்ப்பதில் அவனிடம் பெருங் குறையில்லை. ஆனால் விரல் ஸ்ட்ரைக்கரைத் தொடும் அந்தக் கணத்திலேயே தலை நிமிர்ந்தது. தோள் முன்னே சாய்ந்தது. கண்கள் குழியை நோக்கி ஓடின. பத்தில் ஆறு தவறின. அந்த ஆறும் ஒரே பக்கமாகத் தவறவில்லை. ஒன்று இடமாகவும் ஒன்று வலமாகவும் போயின.

"தம்பி, நீ கேட்ட ஒரே வழி இதுதான். காய் குழியில் விழும் ஓசை கேட்கும்வரை தலையை அசைக்காதே" என்றேன்.

"ஸ்ட்ரைக்கர்தான் விரலை விட்டுப் போய்விட்டதே சேர்! பிறகு அசைந்தால் என்ன?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வாசகர்களுக்கும் இந்த ஐயம் எழக்கூடும்.

அடித்த பிறகு எழுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், முடிவைக் காணத் துடிக்கும் உடல் அடிப்பதற்குச் சற்று முன்னதாகவே எழத் தொடங்கிவிடுகிறது. தலை உயர்ந்தால் தோள் உயரும். தோள் உயர்ந்தால் மணிக்கட்டும் விரலும் கோணும். கோணுவது ஒரு பாகையாக இருந்தாலும் போதும். கரம் பலகையின் ஆடுதளம் 29 அங்குலச் சதுரம். ஒரு பாகை பிசகிய காய் 2 அடி செல்வதற்குள் ஏறத்தாழ 0.4 அங்குலம் விலகிவிடும். குழியின் அகலம் 1¾ அங்குலம். காயின் அகலம் ஏறத்தாழ 1¼ அங்குலம். எனவே பக்கத்துக்குக் கால் அங்குலமே இடமுண்டு. மிகுதியைக் கணக்குப் படிக்கும் மாணவர் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

கரம் பலகைக்குச் சொன்னது பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மேசை ஆட்டங்களுக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். பெரிய பில்லியர்ட்ஸ் மேசையின் நீளம் 12 அடி. அங்கே ஒரு பாகை பிசகினால், 10 அடி உருள்வதற்குள் பந்து 2 அங்குலத்துக்கு மேல் விலகும். அது ஏறத்தாழ ஒரு பந்தின் அகலமே ஆகும். இதனாலேயே நல்ல ஆட்டக்காரர் கோலின் மேல் மோவாய் படியுமாறு குனிந்து, பந்து போய்ச் சேரும்வரை குனிந்தபடியே இருக்கின்றனர்.

அம்மேசை ஆட்டங்களுக்கும் மலைநாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. ஸ்னூக்கர் ஆட்டம் 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியால் உருவாக்கப்பட்டதென்றும், பின்னர் உதகமண்டலம் கிளப்பில் அதன் விதிகள் ஒழுங்கு பெற்றன என்றும் சொல்வர். நம் நாட்டுத் தோட்டத் துரைமாரின் கிளப்புகளிலோ, நம் முன்னோர் ஏவலாளராக அன்றி வேறு வகையில் நுழைய இயலாத காலம் ஒன்றிருந்தது. அத்தகைய மேசை ஆட்டமொன்றிலேயே எம். ஜே. எம். லாபீர் 1973ஆம் ஆண்டில் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று இலங்கைக்குப் புகழ் தேடித் தந்தார்.

சப்பிரகமுவத் தோட்டங்களில் மேசைக்கும் கோலுக்கும் செலவிட யாரிடம் பணமுண்டு? நமக்கு வாய்த்தது கரம் பலகையே. அது சிறிய ஆட்டமென்று எண்ண வேண்டாம். சென்னையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடைபெற்ற கரம் உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார்.

இந்தப் பாடத்தை நான் கற்றது பலகையின் முன் அன்று, இறப்பர் மலையிலே. கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றில் என் தந்தையார் பால் வெட்டும் தொழிலாளி. அதிகாலையில் மரத்தில் பால் நன்றாக ஓடும். ஆதலால் விடியும் முன்னரே மலைக்குப் போய்விடுவார். பாடசாலை இல்லாத நாட்களில் நானும் உடன் செல்வேன். ஒருநாள் கெஞ்சிக் கேட்டுக் கத்தியை வாங்கினேன். இடமிருந்து வலமாகச் சரிந்திறங்கும் அந்த வெட்டில், பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். சற்று ஆழ்ந்தால் மரம் பருப்பதற்குக் காரணமான மாறிழையம் காயப்படும். அவ்விடத்தில் முடிச்சு விழுந்து, புதுப்பட்டை ஒழுங்காக வளராது.

கத்தி பாதி தூரம் போவதற்குள், பால் வருகிறதா என்று பார்க்க நான் தலையைத் திருப்பினேன். கத்தி ஆழ்ந்துவிட்டது. தந்தையார் என்னை அடிக்கவில்லை. காயத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ கத்தி போகிற இடத்தைப் பார். பால் வருவதைச் சிரட்டை பார்த்துக்கொள்ளும்" என்றார். காயம்பட்ட மரத்துக்காக அன்று ஏச்சு வாங்கியவர் அவரே. அதை அவர் என்னிடம் சொல்லவேயில்லை. பல ஆண்டுகள் கழித்து அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

அசையாதிருந்தால் எல்லாக் காயும் விழுந்துவிடுமா என்றால், விழாது. குறியே பிழையானால் அசையாதவனும் தவறவிடுவான். ஆனால் இவ்விருவருக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அசைகிறவனுடைய பிழை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அதிலிருந்து அவன் எதையும் கற்க முடியாது. அசையாதவனுடைய பிழை ஒரே விதமாக இருக்கும். காய் எங்கே பட்டு எப்படிப் பிசகியது என்பதை அவன் கண்கள் கண்டிருக்கும். அடுத்த முறை திருத்திக்கொள்வான்.

பழகும் முறை எளிது. பலகையில் ஒரேயொரு காயை வையுங்கள். அண்ணனையோ தங்கையையோ எதிரே இருத்தி, காயைப் பார்க்காமல் உங்கள் தலையையே பார்க்கச் சொல்லுங்கள். காய் விழுந்ததா என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தலை அசையாத அடிக்கு ஒரு புள்ளி. அசைந்தால் புள்ளி இல்லை. நாளுக்கு இருபது அடி போதும். முதல் இரண்டு நாட்கள் ஆட்டம் முன்னிலும் மோசமாகவே தோன்றும். அதற்காகக் கைவிட வேண்டாம்.

அந்த மாணவன் பொங்கல் முடிந்து பாடசாலைக்கு வந்தபோது நேரே என்னிடம் வந்தான்.

"தோற்றுவிட்டேன் சேர்" என்றான். ஆனால் முகம் வாடியிருக்கவில்லை. "கடைசிக் காயில் ஸ்ட்ரைக்கர் அதிகமாக நடுவில் பட்டுவிட்டது. இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தொட்டிருக்க வேண்டும். நான் அசையவில்லை சேர், பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்."

"இனிப் பலகையைத் தொடமாட்டாயோ?" என்று கேட்டேன்.

"இன்று பின்னேரம் வாசிகசாலை திறந்திருக்கும் சேர்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனான்.