முணுமுணுப்பும் எக்கோ அறிக்கையின் மொழியும்

மலையகப் பெண்கள் பலரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் கவனமாக வைக்கப்படுவது முதற் கர்ப்பத்தின் பதிவு நாளில்தான். அன்று இதய முணுமுணுப்பு கேட்டால், ‘எக்கோ எடுக்க வேண்டும்’ என்ற ஒரே சொல்லோடு அவர் வீடு திரும்புகிறார். அன்றிரவு கணவனுக்கும் உறக்கமில்லை.

அந்த முணுமுணுப்புக்கு ஒரு காரணமாகக்கூடிய ருமற்றிக் இதய நோய்க்கான எக்கோ (இதய ஸ்கேன்) அளவுகோல்களை உலக இருதய சம்மேளனம் 2012க்குப் பின் 2023இல் திருத்தியது. பயிற்சி பெற்ற, நிபுணரல்லாத ஒருவரும் இனிக் கையடக்கக் கருவியால் முதற்சோதனை செய்யலாம். 30 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவருக்கு மைட்ரல் பின்னொழுக்கு 2 செ.மீ. நீண்டால் சோதனை ‘நேர்’ எனக் கொள்ளப்படும். அதை உறுதிசெய்வது நிபுணரின் முழு எக்கோ. நோயின் ஏ முதல் டி வரையான நிலையை வகுப்பது அதற்குப் பிறகுதான்.

கடுகண்ணாவைக் கணவாயை அண்டிய சிறு வைத்தியசாலைகளுக்கு இத்திருத்தம் நல்ல வாய்ப்பு. பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ யாரை முதலில் அனுப்புவது என்பதை அங்கேயே தீர்மானிக்கலாம். ஆனால் கர்ப்பிணிக்கு இதை அப்படியே பொருத்துவது பிழை. கர்ப்பத்தில் மென்மையான சுருக்கநிலை முணுமுணுப்பு பெரும்பாலானோருக்குக் கேட்கும். வால்வுகளில் சிறு ஒழுக்கும் தென்படும். ஏ நிலை 20 வயதும் அதற்குட்பட்டவர்களுக்குமே வகுக்கப்பட்டது. 26 வயதுக் கர்ப்பிணியின் அறிக்கையில் அதை எழுதக் கூடாது. வால்விதழின் தடிப்பும் வயதோடு மாறும் அளவு: 20 வரை 3 மி.மீ., 40 வரை 4, அதற்கு மேல் 5.

ஆகவே ஒழுங்கு காதிலிருந்தே தொடங்க வேண்டும். முணுமுணுப்பு இடைச்சுருக்க நிலையில், 2ஆம் தரத்தைத் தாண்டாமல் கேட்டு, இரண்டாம் இதய ஒலியும் ஈ.சி.ஜி.யும் இயல்பாக இருந்து, நோய்க்குறியும் இல்லையெனில் ஹீமோகுளோபினைப் பார்த்து, குருதிச்சோகை இருந்தால் அதைத் திருத்தி, மறுபடி கேட்பதே போதும். விரிவுநிலை முணுமுணுப்பு, முழுச்சுருக்க முணுமுணுப்பு, தொடர் முணுமுணுப்பு, 3ஆம் தரமும் மேலும், இரவில் மூச்சுத்திணறல், சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்ட வரலாறு: இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் நேரே முழு எக்கோ. கையடக்கக் கருவி ‘இல்லை’ என்றாலும் அனுப்பியாக வேண்டும். நிற டொப்ளர் மட்டுமுள்ள கருவி மைட்ரல் ஒடுக்கத்தின் அழுத்த வேறுபாட்டை அளக்காது. இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, ஸ்டெதஸ்கோப்பின் பெல்லை இதய உச்சியில் மெல்ல வைத்தால்தான் அந்த ஒடுக்கத்தின் ஆழ்ந்த உறுமல் கேட்கும். வால்வுப் பரப்பு 1.5 ச.செ.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒடுக்கம் கடுமையானது. கர்ப்பத்தில் குருதித் திரவம் ஏறத்தாழப் பாதியளவு கூடும்போது அந்தப் பெண்ணுக்குத் தாங்காது.

அளவுகோல் திருந்தியது, அறிக்கை திருந்தவில்லை. ஒவ்வொரு எக்கோ அறிக்கையும் ஆங்கிலத்திலேயே வருகிறது. ‘ட்ரிவியல் எம்.ஆர்.’ என்றால் பொருட்படுத்த வேண்டாத ஒழுக்கு. அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும் தமிழ்க் கணவனுக்கு ‘வால்வில் ஓட்டை’ என்று யாரோ மொழிபெயர்க்கிறார்கள். மாமியார் குழந்தையே வேண்டாம் என்கிறார். மறுபுறம், உண்மையாகவே ஒடுக்கம் உள்ளவரின் அறிக்கை மடித்து அலமாரிக்குள் போகிறது. அதன் பாரம் வீட்டில் எவருக்கும் தெரியாது. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களம் நிருவாக மொழியான பகுதியிலும் தமிழில் அல்லது ஆங்கிலத்தில் தொடர்பாடும் உரிமையை 1988இன் 16ஆம் திருத்தம் தந்தது. அந்த ‘அல்லது ஆங்கிலத்தில்’ என்ற சொற்களுக்குள் சுகாதார நிருவாகம் இன்றுவரை ஒதுங்கி நிற்கிறது. மேலை மருத்துவத்தை மானிப்பாயில் 1860களிலேயே அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் கற்பித்தார். உடற்கூற்று நூல்களும் தமிழில் அச்சேறின. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் இரண்டு வரித் தமிழ் முடிவுரைக்கு இடமில்லை என்றால் குறை மொழியிடம் இல்லை. அந்த முடிவுரையைக் கேட்பவர்களுக்கு ‘ஆளணி இல்லை’ என்பது ஒரு பதிலாகாது. இயல்பு, சிறு ஒழுக்கு – கவலை வேண்டாம், மீளப் பார்க்க வேண்டும், உடனே நிபுணரிடம் செல்லவும் என நான்கு வாசகங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டு, பொருந்துவதில் அடையாளமிட ஒரு பேனா போதும். முதற்சோதனை நிபுணரல்லாதவர் கைக்கு வரும்போது ‘நேர்’ என்ற சொல் இன்னும் பல வீடுகளுக்குப் போகும். இந்தப் படிவம் இல்லாமல் கையடக்கக் கருவியை எந்தக் கிளினிக்குக்கும் அனுப்பக் கூடாது.

முடிவு இயல்பெனில் எச்-512 கர்ப்பப் பதிவேட்டில் அது எழுதப்பட வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் அதே மென்மையான முணுமுணுப்புக்காக மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிராது. ருமற்றிக் என உறுதியானால் 3 அல்லது 4 வாரத்துக்கொருமுறை பென்சதீன் பெனிசிலின், மகப்பேற்று நிபுணரும் இதயநோய் நிபுணரும் கூடி வகுக்கும் பிரசவத் திட்டம், பிறகு கருத்தடை ஆலோசனை. கடுமையான ஒடுக்கம் கர்ப்பத்துக்கு முன்னரே தெரிந்தால் வால்வைப் பலூன் கொண்டு விரித்த பிறகே குழந்தையைப் பற்றி யோசிக்கலாம். பிரசவம் முடிந்த முதல் இரண்டு மூன்று நாட்கள் நுரையீரல் நீர்க்கோப்புக்கு மிக ஆபத்தான வேளை. நிமிர்ந்து உட்கார்ந்தால் மட்டும் மூச்சு வருகிறது என்று அந்தப் பெண் சொன்னால் அந்நேரமே தாதியை அழைக்க வேண்டும் என்பதைக் கணவனுக்கும் துணைக்கு நிற்கும் தாய்க்கும் அவர்களுடைய மொழியிலேயே சொல்லி வைக்க வேண்டும்.